வாசகர் கேள்வி – பதில்: காவல் நிலையப் பதிவேடும் சிறைப் பதிவேடும் கேட்டு வாங்குவது எப்படி?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலை: காவல் நிலையத்திலும் சிறையிலும் நம்மைப் பற்றியும் நம் வீட்டார் பற்றியும் எழுதி வைத்திருப்பதை எப்படிப் பார்ப்பது? அவற்றிலிருந்து ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): வாடகைக் கடையின் பூட்டை உடைத்துச் சரக்கை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். புகார் கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். (சமூகப் பணிப் பதிவேடு) ரசீது மட்டும் தந்தார்கள். ஐந்து மாதமாகியும் எஃப்.ஐ.ஆர். இல்லை. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று ஆர்.டி.ஐ. மனு போட்டேன். "தாங்கள் கோருவது தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒரே வரியில் பதில் வந்துவிட்டது. இனி என்ன வழி?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் மனுவை எழுதிய விதத்தில்தான் கோளாறு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.) ஏற்கெனவே ஏட்டில் இருப்பதைத் தரச் சொல்கிறது. அதிகாரியிடம் விளக்கம் கேட்க அதில் இடமில்லை. 'ஏன்' என்று தொடங்கும் கேள்வியை ஒரு வரியில் தட்டிக்கழித்துவிடலாம். 'இந்தத் தேதியில் இந்தப் பதிவேட்டில் எழுதியிருப்பதன் நகல்' என்று கேட்டால் தட்டிக்கழிக்கச் சட்டப்பிரிவைத் தேட வேண்டியிருக்கும். எனவே பதிவேட்டின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

காவல் நிலையத்தில் உங்கள் புகார் தடம் பதிக்கும் இடங்கள் சில உண்டு. முதலாவது, சி.எஸ்.ஆர். பதிவேடு, ரசீதில் உள்ள எண் அதில் இருக்கும். இரண்டாவது, நிலையப் பொது நாட்குறிப்பு. அன்றாடம் நிலையத்துக்கு வந்தவர், போனவர், நடந்தது எல்லாம் நேரத்தோடு அதில் ஏற வேண்டும். பிடியாணை இல்லாமல் கைதுசெய்யத்தக்க குற்றம் பற்றிய எந்தத் தகவலும் பொது நாட்குறிப்பில் ஏறியே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 நவம்பரில் சொல்லிவிட்டது. மூன்றாவது, மனு விசாரணை அறிக்கை. இரு தரப்பையும் கூப்பிட்டு எழுதி வாங்கியது, புகாரை முடித்துவைத்ததாக எழுதிய குறிப்பு எல்லாம் இதில் அடங்கும்.

புது மனுவை இப்படி எழுதுங்கள்: "... காவல் நிலையத்தில் ... தேதியில் பதிவான சி.எஸ்.ஆர். எண் ... தொடர்பாக: (1) சி.எஸ்.ஆர். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே உள்ள அனைத்துப் பதிவுகளின் நகல். (2) புகார் பெற்ற நாளின் பொது நாட்குறிப்பில் இப்புகார் குறித்த பதிவின் நகல். (3) விசாரணை அலுவலரின் பெயர், பதவி, அவரிடம் புகார் ஒப்படைக்கப்பட்ட தேதி. (4) விசாரணை அறிக்கை, புகார் முடிக்கப்பட்டிருந்தால் முடித்த ஆணை ஆகியவற்றின் நகல். (5) பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173(3)-இன்படி முதல்நிலை விசாரணைக்குத் துணைக் கண்காணிப்பாளர் அனுமதி தந்திருந்தால் அந்த அனுமதியின் நகல்."

ஐந்தாவது கோரிக்கையை விட்டுவிடாதீர்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தச் சட்டப்படி, மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் எஃப்.ஐ.ஆர். போடுமுன் முதல்நிலை விசாரணை நடத்தலாம். ஆனால் துணைக் கண்காணிப்பாளரின் அனுமதி வேண்டும், 14 நாளில் முடிக்கவும் வேண்டும். உங்களுக்கு ஐந்து மாதம் ஓடிவிட்டது. அனுமதிக் கடிதம் இருந்தால் கெடு தாண்டியது தெரியும். இல்லாவிட்டால் அனுமதியே வாங்காதது தெரியும். எந்தப் பதில் வந்தாலும் அடுத்த படிக்கு உங்கள் கையில் காகிதம் இருக்கும்.

அந்த அடுத்த படிக்கு ஆர்.டி.ஐ. பதிலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. புகாரின் நகலை இணைத்து மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்புங்கள் (பிரிவு 173(4)). அதற்கும் அசைவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் பிரிவு 175(3)-இல் மனு போடலாம். நடுவர் முன் நிற்கும்போது பொது நாட்குறிப்பின் நகல் கையில் இருந்தால் வழக்குக்கு வேறு பலம் வரும்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): மனுவை யாருக்கு அனுப்ப வேண்டும்? பத்து ரூபாயை எப்படிக் கட்டுவது? நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்க மறுக்கிறார்கள்.

பதில்: நிலையத்துக்கு அலையாதீர்கள். "பொதுத் தகவல் அலுவலர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம்" என்று முகவரியிட்டு, ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். மாநகரமென்றால் ஆணையர் அலுவலகம். இடம் மாறிப் போனாலும் ஐந்து நாளில் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு, பிரிவு 6(3). 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவின் முதல் பக்கத்திலேயே ஒட்டுவதுதான் தமிழ்நாட்டில் சிக்கலில்லாத வழி. நீதிமன்ற வாசலில் ஸ்டாம்ப் விற்பவரிடம் கிடைக்கும். ஒட்டிய பிறகு மனுவை ஜெராக்ஸ் எடுங்கள். கட்டணம் கட்டவில்லை என்று மனு திரும்பி வந்தால் வில்லை தெரியும் அந்த நகல்தான் சாட்சி. நகல்களுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் கேட்டுக் கடிதம் வரும்.

மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 30 நாள். அதற்குள் பதில் இல்லையென்றால் மறுத்ததாகவே பொருள். பிறகு தரும் நகல்களுக்குப் பணம் கேட்க முடியாது. அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் கிடையாது. முதல் மேல்முறையீட்டு ஆணை வந்த நாளிலிருந்தோ, வந்திருக்க வேண்டிய நாளிலிருந்தோ 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. தகுந்த காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் தண்டம் விதிக்கலாம். அஞ்சல் ரசீது, ஒப்புகை, உறை மூன்றையும் பத்திரமாக வையுங்கள். கெடுவைக் கணக்கிடத் தேதி முத்திரை வேண்டும்.

கேள்வி (ஈரோடு வாசகர்): சீட்டு மோசடியில் நான் புகார்தாரர். எஃப்.ஐ.ஆர். போட்டு ஓராண்டு ஆகிறது. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால் "புலன் விசாரணையில் உள்ளது, பிரிவு 8(1)(எச்)-இன்படி தர இயலாது" என்கிறார்கள். குற்றப்பத்திரிகை நகலாவது கிடைக்குமா?

பதில்: காவல்துறையிடமிருந்து அதிகம் வரும் மறுப்பு இதுதான். அந்தப் பிரிவு விசாரணைக்கோ, கைதுக்கோ, வழக்கு நடத்துவதற்கோ இடையூறு செய்யும் தகவலைத்தான் விலக்குகிறது. விசாரணை நடக்கிறது என்பது மட்டும் காரணமாகாது, தகவல் வெளியானால் எப்படி இடையூறு வரும் என்று காட்ட வேண்டும் என்று பகத் சிங் எதிர் தலைமைத் தகவல் ஆணையர் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2007 டிசம்பரில் தீர்ப்பளித்தது. மறுப்பை நியாயப்படுத்தும் பொறுப்பு தகவல் அலுவலருடையது என்று பிரிவு 19(5) சொல்கிறது. மேல்முறையீட்டில் இந்த இரண்டையும் எழுதி, "தர முடியாத பகுதியை மறைத்து மீதியைப் பிரிவு 10-இன்படி தரவும்" என்ற வரியையும் சேருங்கள்.

ஆனால் எதைக் கேட்பது என்பதிலும் நிதானம் வேண்டும். வழக்கு நாட்குறிப்பு, சாட்சிகளின் வாக்குமூலம் இரண்டையும் விசாரணை முடியுமுன் கேட்டால் மறுப்பார்கள்; அந்த மறுப்பு நிற்கும். விசாரணை அதிகாரி யார், எத்தனை முறை மாறினார், எந்தத் தேதியில் கோப்பு கைமாறியது, ஆய்வகத்துக்கு ஆவணம் அனுப்பிய தேதி, இறுதி அறிக்கை தாக்கலாகியிருந்தால் அந்தத் தேதி ஆகியவற்றைக் கேளுங்கள். இவற்றால் எந்த விசாரணையும் கெடாது.

புகார்தாரருக்கு ஆர்.டி.ஐ. இல்லாமலேயே இரண்டு உரிமைகள் உண்டு. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173(2). விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாளுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும், அதே சட்டத்தின் பிரிவு 193(3). உங்களுக்கு அப்படி ஏதும் வராததால், "பிரிவு 193(3)-இன்படி எனக்கு அனுப்பிய அறிவிப்பின் நகலும் அனுப்பிய தேதியும் தரவும்" என்று ஒரு வரி கேளுங்கள். பல கோப்புகள் அந்த ஒரு வரிக்குப் பிறகுதான் மேசைக்கு வருகின்றன.

குற்றப்பத்திரிகையின் கதை வேறு. அது பொது ஆவணமல்ல, இணையத்தில் ஏற்ற வேண்டியதில்லை என்று சௌரவ் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் கூறிவிட்டது. தாக்கலான பிறகு நீதிமன்றத்தில் காப்பி அப்ளிகேஷன் போட்டுத்தான் வாங்க வேண்டும். நீதிமன்ற ஆவணங்களுக்கு அந்த நீதிமன்ற விதிகளே வழி, ஆர்.டி.ஐ. அல்ல என்பதை 2020 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பாதிக்கப்பட்டவருக்கு வழக்கறிஞர் இருந்தால் அவருக்கும் குற்றப்பத்திரிகையின் நகல் தர வேண்டும் என்கிறது புதிய சட்டத்தின் பிரிவு 230.

தாக்கலாகிவிட்டதா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். நீதிமன்றங்களின் ஈ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கு நிலை பகுதியில் 'எஃப்.ஐ.ஆர். எண்' என்று ஒரு தேடல் உண்டு. மாவட்டம், நீதிமன்ற வளாகம், காவல் நிலையம், எண், ஆண்டு கொடுத்தால் சி.சி. எண் (நீதிமன்றத்தின் வழக்கு எண்) வந்துவிடும். ஒன்றும் வராவிட்டால், வழக்கைப் பொருண்மைப் பிழை என்று முடித்து, அதைத் தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் அனுப்பிவிட்டார்களா என்றும் மனுவில் கேளுங்கள். அந்த நோட்டீஸ் கைக்கு வராமல் வழக்கு மூடப்பட்டிருந்தால் நடுவர் முன் ஆட்சேபனை மனு போட உங்களுக்கு வழி இருக்கிறது.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): காவல்துறை இணையதளத்தில் எல்லா எஃப்.ஐ.ஆரும் இருக்கும் என்றார்கள். எங்கள் எண்ணைப் போட்டால் வரவில்லையே?

பதில்: யூத் பார் அசோசியேஷன் வழக்கில் 2016 செப்டம்பரில் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, 24 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், இணைய வசதி இல்லாத இடங்களுக்கு 72 மணி நேரம் வரை சலுகை. பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்றவை ஏறாது. அந்த முடிவை எடுப்பவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். உங்களுடையது அந்த வகையல்ல என்றால் முதலில் மாவட்டம், நிலையம், ஆண்டு மூன்றையும் சரிபாருங்கள். நிலையம் வேறு உட்கோட்டத்துக்கோ புதிய மாவட்டத்துக்கோ மாறியிருந்தால் பழைய பெயரில் கிடக்கும். குற்றம் சாட்டப்பட்டவர் நிலையத்தில் மனு கொடுத்தால் 24 மணி நேரத்தில் சான்றிட்ட நகல் தர வேண்டும் என்பதும் அதே உத்தரவில் உள்ளது.

கேள்வி (வேலூர் வாசகி): என் தம்பி திருட்டு வழக்கில் ரிமாண்டில் இருக்கிறான். முதலில் கிளைச் சிறை, பிறகு மத்திய சிறை என்று மாற்றினார்கள். உள்ளே எத்தனை நாள் ஆனது என்றே சரியாகத் தெரியவில்லை. உடம்பும் சரியில்லை என்கிறான். சிறையில் கேட்டால் "மூன்றாம் நபர் தகவல்" என்கிறார்கள்.

பதில்: அம்மா, அவசரமானது எதுவோ அதை முதலில் பாருங்கள். தம்பியின் உடல்நிலைதான் அவசரம். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று ஆர்.டி.ஐ. சட்டம் பிரிவு 7(1) சொல்கிறது. மனுவின் தலையிலேயே "பிரிவு 7(1) – உயிர் தொடர்பான தகவல் – 48 மணி நேரம்" என்று எழுதி, என்ன ஆபத்து என்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள். முன்பு சிகிச்சை எடுத்த சீட்டு இருந்தால் இணையுங்கள். காரணம் சொல்லாமல் 48 மணி நேரம் என்று மட்டும் எழுதினால் சாதாரண மனுவாக 30 நாள் வரிசையில் வைத்துவிடுவார்கள். அதே நாளில் நீதிமன்றத்தில் சிகிச்சைக்கு உத்தரவு கேட்டு வழக்கறிஞர் மூலம் மனு போடுங்கள். வழக்கறிஞர் இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடலாம், இலவசம்.

மூன்றாம் நபர் என்ற தடையைத் தாண்ட எளிய வழி, தம்பியே கேட்பது. சிறைவாசியும் குடிமகன்தான், சிறைக் கண்காணிப்பாளர் வழியாக அவரே மனு கொடுக்கலாம். இல்லையென்றால் நேர்காணலின்போது "என் அக்காவுக்கு என் பதிவுகளைத் தரச் சம்மதம்" என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தைச் சிறை அலுவலரின் சான்றோடு வாங்கி மனுவுடன் இணையுங்கள். இது இப்போது முன்னைவிட அவசியம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் ஆர்.டி.ஐ. பிரிவு 8(1)(ஜே) திருத்தப்பட்டு, 2025 நவம்பரில் அமலுக்கு வந்துவிட்டது. முன்பு அந்தப் பிரிவுக்குள்ளேயே பொதுநலன் பார்த்துத் தரலாம் என்றிருந்த வாசகம் போய்விட்டது. பொதுநலனுக்குத் தரலாம் என்ற பிரிவு 8(2) மட்டும் அப்படியே நிற்கிறது. சம்மதக் கடிதம் இருந்தால் இந்தச் சண்டைக்கே போக வேண்டாம்.

சிறையில் கேட்க வேண்டியவை: சேர்க்கைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே உள்ள பதிவு, ரிமாண்ட் வாரண்டுகளின் நகல், கிளைச் சிறையிலிருந்து மாற்றிய ஆணை, மருத்துவப் பதிவு, ஹிஸ்டரி டிக்கெட் (சிறைவாசி ஒவ்வொருவருக்கும் சிறையில் எழுதி வைக்கும் குறிப்பு) நகல். கிளைச் சிறையில் கழித்த நாட்கள் கணக்கில் விடுபடுவது நடக்கிறது. அங்குள்ள சேர்க்கைத் தேதியை மத்திய சிறைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் எழுத்து மாறியிருக்கலாம். எனவே தந்தை பெயர், குற்ற எண், நிலையம், ரிமாண்ட் செய்த நீதிமன்றம் நான்கையும் மனுவில் எழுதுங்கள்.

நாட்கணக்கு ஏன் முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறோம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 479-இன்படி, முன்பு எந்தத் தண்டனையும் பெறாதவர் அந்தக் குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் ஜாமீனில் விடுவிக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்றாண்டு. அப்படியானால் முதல்முறை சிக்கியவருக்கு ஓராண்டு. வீடு புகுந்த திருட்டு என்றால் ஏழாண்டு. மூன்றில் ஒன்று இரண்டு ஆண்டு நான்கு மாதம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது. கெடு வந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது. 2024 ஜூலைக்கு முந்தைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது. "பிரிவு 479(3)-இன்படி நீதிமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பப்பட்டிருந்தால் அதன் நகல்" என்ற வரியையும் மனுவில் சேர்த்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒருவரைப் பிடித்துக்கொண்டு போய் எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாவிட்டால் ஆர்.டி.ஐ. எழுதிக்கொண்டு உட்காராதீர்கள். கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை ஒவ்வொரு நிலையத்திலும் மாவட்டத் தலைமையகத்திலும் வைக்கச் சொல்கிறது அதே சன்ஹிதாவின் பிரிவு 37. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் கேளுங்கள். 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தவில்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுதான்.

கேள்வி (விருதுநகர் வாசகர்): விசாரணைக்கு என்று அழைத்துப்போய் நிலையத்தில் என் மகனை அடித்திருக்கிறார்கள். அங்கே கேமரா இருக்கிறது. பதிவைக் கேட்டு வாங்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் நாட்களை விட்டுவிடக் கூடாது. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிலையத்தின் நுழைவாயில், லாக்கப், வராண்டா, ஆய்வாளர் அறை என எங்கும் கேமரா இருக்க வேண்டும் என்றது. பதிவு 18 மாதம் இருக்க வேண்டும். அதற்கு வசதியில்லாத கருவியானாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. கேமராவுக்கும் பதிவுக்கும் நிலையப் பொறுப்பு அதிகாரியே பொறுப்பு. ஏட்டில் இப்படி. அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். தந்தையும் மகனும் இறந்த அந்த வழக்கில் நடுவர் விசாரணைக்குப் போனபோது, ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்கில் இடம் இருந்தும் அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி அமைத்திருந்தது தெரியவந்தது.

ஆகவே முதல் கடிதம் ஆர்.டி.ஐ. மனுவாக இருக்க வேண்டாம். இன்றே மாவட்டக் கண்காணிப்பாளருக்கும் நிலையத்துக்கும் "இந்தப் பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும்" என்று கடிதமும் மின்னஞ்சலும் அனுப்புங்கள். தேதி, "மாலை 6 மணி முதல் இரவு 11 மணி வரை" என்பதுபோல நேரம், எந்த இடத்துக் கேமரா என்பதை எழுதுங்கள். "அன்று முழுவதும்" என்று எழுதினால் அலுவலகப் பணியே கெடும் என்று பதில் வரும். பிறகு ஆர்.டி.ஐ. மனுவில் அதே நேரத்துக்கான பதிவையும், அந்த நாளின் பொது நாட்குறிப்பையும், கேமரா பழுதென்றால் பழுதை மேலிடத்துக்குத் தெரிவித்த கடிதத்தையும் கேளுங்கள். மற்றவர் முகம் தெரியும் என்று மறுத்தால் அதை மறைத்துத் தரச் சொல்லுங்கள். மாநில மனித உரிமை ஆணையமும் மனித உரிமை நீதிமன்றமும் பதிவை வரவழைத்துப் பார்க்கலாம். அங்கேயும் கையோடு புகார் கொடுங்கள். மகனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய்க் காயங்களைப் பதிய வைத்த சீட்டு இல்லாமல் கேமராப் பதிவு மட்டும் போதாது.

கேள்வி (சிவகாசி வாசகர்): எங்கள் தாத்தா 1942-இல் சிறை சென்றவர். எந்தச் சிறை என்றுகூட வீட்டில் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. "பெல்லாரிப் பக்கம்" என்று பாட்டி சொல்வார். பதிவு கிடைக்குமா?

பதில்: பாட்டி சொன்னது நல்ல துப்பு. பெல்லாரியில் இருந்த அலிபுரம் சிறையில் தமிழகத்துச் சத்தியாகிரகிகள் பலர் அடைக்கப்பட்டனர். அன்றைய சென்னை மாகாணம் இன்று பல மாநிலம். பெல்லாரி கர்நாடகத்தில், கண்ணனூர் கேரளத்தில், ராஜமுந்திரி ஆந்திரத்தில். அங்குள்ள சிறைத் துறைக்குத் தனித்தனியே மனு அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டுக் கட்டண வில்லை அங்கே செல்லாது; அந்தந்த மாநில விதிப்படி கட்டுங்கள். வேலூர், திருச்சி, கடலூர், கோவை சிறைகளுக்கு இங்கிருந்தே அனுப்பலாம்.

தாத்தாவின் பெயரை மட்டும் கொடுத்தால் கிடைக்காது. ஆங்கிலத்தில் எழுதிய பதிவேட்டில் சுப்பையா என்பவர் நான்கு விதமாக எழுதப்பட்டிருப்பார். தந்தை பெயர், ஊர், அப்போதைய வயது, தண்டனை கொடுத்த ஊர், சுமாராக எந்த மாதம் என்பதைச் சேருங்கள். "20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு என்பதால் பிரிவு 8(3) பொருந்தும்" என்று ஒரு வரி எழுதினால் தனிநபர் தகவல் என்ற மறுப்புக்கு இடமிருக்காது. பதிவேடு இல்லை என்றால் சும்மா விடாதீர்கள். எந்த ஆணையின்படி, எந்தத் தேதியில் அழித்தார்கள், அல்லது எந்தக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள் என்பதன் நகலைக் கேளுங்கள். "இல்லை" என்ற ஒரு சொல்லுக்கும் "அனுப்பிவிட்டோம்" என்ற சொல்லுக்கும் இடையில்தான் பல குடும்பங்களின் தேடல் நின்றுபோகிறது.

சிறையில் கிடைக்காவிட்டால் இன்னும் இரண்டு இடம். ஒன்று, எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அங்கே மாகாண அரசின் அரசாணைகள் துறைவாரியாக, ஆண்டுவாரியாக இருக்கின்றன. மற்றது, பலருக்கும் தோன்றாத இடம்: மாவட்ட ஆட்சியர் அலுவலக ஆவண அறை. அந்தக் காலத்தில் சப் மாஜிஸ்திரேட்டுகள் வருவாய்த் துறைக்காரர்கள். தண்டனை கொடுத்த பதிவேடு நீதிமன்றத்துக்குப் போகாமல் அங்கேயே தங்கியிருக்கலாம். அன்று உங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டம். ஆகவே விருதுநகரோடு ராமநாதபுரம், மதுரை ஆட்சியர் அலுவலகங்களுக்கும் ஒரு மனு போட்டு, 1942 ஆகஸ்ட் முதல் 1943 இறுதி வரையான தண்டனைப் பதிவேடு இருக்கிறதா, இருந்தால் நேரில் பார்க்க எந்த நாளில் வரலாம் என்று கேளுங்கள். பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்; அந்தக் காலத்து மை மங்கியிருக்கும்.